எல்லோரும் பிரபுதானா? டியூக், ஏர்ல், பாரன் இவர்களைத் தமிழில் எப்படி எழுதுவது

தாழ்வாரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு மொழிபெயர்ப்பில் மூன்று வாரமாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் கதை. பெரிய மாளிகையில் விருந்து. வாசலில் நிற்கும் பணியாள் வருகிறவர்களின் பெயரை உரக்கச் சொல்லி உள்ளே அனுப்புகிறான். முதலில் ஒரு டியூக்கும் அவர் மனைவியும், அடுத்து ஒரு மார்க்விஸ், பிறகு ஒரு ஏர்ல், கடைசியில் ஒரு பாரன். அங்கே பிரபுக்களின் படிவரிசை மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். யார் யாருக்கு முன்னால் நுழைகிறார்கள் என்பதில்தான் காட்சியின் சூடே இருக்கிறது. பாரனுக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா, ஏர்லுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

என் முதல் வரைவில் ஆண்கள் எல்லோரும் பிரபு, பெண்கள் எல்லோரும் சீமாட்டி. படித்துப் பார்த்தால் ஒரு பிரபு உள்ளே போகிறார், பின்னாலேயே இன்னொரு பிரபு போகிறார். அக்காவும் சீமாட்டி, தங்கையும் சீமாட்டி. அக்காவுக்கு ஏன் முகம் சுண்டிப்போகிறது என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. முன்பு ஒரு பதிப்பகத்துக்குச் செய்த புத்தகத்தில் ஒவ்வொரு படியையும் பிரித்துத்தான் எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் வாசகருக்குக் குழப்பம் என்று எல்லாவற்றையும் ‘பிரபு’ ஆக்கிவிட்டார். கதையின் நடுவில் ஓர் ஏர்ல் மார்க்விஸாக உயர்கிற இடம் ஒன்று வரும். பிரபுவாக இருந்தவர் பிரபுவாக உயர்த்தப்பட்டார் என்று அச்சாகி வந்தது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்க மனம் வரவில்லை.

நம்மிடம் இப்படி ஒரு படிவரிசை இருந்ததா? இருந்தால் அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

‘பிரபு’வை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம் அம்மா. வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொல் சில இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. 1774 முதல் 1785 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸுக்குப் பட்டம் கிடையாது. 1813இல் வந்த இன்னொரு ஹேஸ்டிங்ஸ் ஏர்லாக வந்து மார்க்விஸாக உயர்ந்தவர். மாணவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். ‘வாரன் ஹேஸ்டிங்ஸ்’, ‘ஹேஸ்டிங்ஸ் பிரபு’ என்று கரும்பலகையில் எழுதினால் போதும், ஆள் பிரிந்துவிடும்.

ஆனால் உங்கள் சிக்கலும் உண்மைதான். பாடப்புத்தகத்தில் வரும் பிரபுக்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். காரன்வாலிஸ் 1786இல் வந்தபோது ஏர்ல், 1792இல் மார்க்விஸ் ஆனார். டல்ஹவுசியும் ஏர்லாக வந்தவர்தான், 1849இல் மார்க்விஸ். ரிப்பன் வரும்போதே மார்க்விஸ். கர்சன் வெறும் பாரனாக வந்து இறங்கினார். மவுண்ட்பேட்டன் 1947 மார்ச்சில் வைகவுண்ட், அந்த வருடமே ஏர்ல். வில்லியம் பெண்டிங்க் இவர்களில் எந்தப் படியிலும் இல்லை! ஒரு டியூக்கின் இரண்டாவது மகன், அவ்வளவுதான். டியூக், மார்க்விஸ் வீட்டு இளைய பிள்ளைகளை மரியாதைக்காகச் சொந்தப் பெயரோடு ‘லார்டு’ சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். நமக்கு அவரும் பெண்டிங்க் பிரபு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்திலேயே நேருக்கு நேர் பேசும்போது மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் நாலு பேருக்கும் ‘லார்டு’ என்றுதான் சொல்வார்கள். டியூக் மட்டும் தனி, அவரை அப்படி அழைக்கமாட்டார்கள். எனவே பிரபு என்பது அழைக்கும் சொல். ஏர்ல் என்பது படியின் பெயர். இரண்டும் வேறு வேறு வேலை. மூலத்தில் உங்கள் பணியாள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? அதை முதலில் பாருங்கள்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

படிவரிசை கேள்விக்கு வருகிறேன். பட்டம் நம்மிடம் நிறைய இருந்தது. ஏணி மாதிரி அடுக்கிய படிவரிசைதான் வேறு விதம்.

தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்று ஒரு துறை வருகிறது. அரசன் கையால் சிறப்புப் பெற்ற வீரன் பேசும் பேச்சு. அந்த மாராயம்தான் பட்டம். படைத்தலைவனுக்கு ஏனாதி, அரசு அலுவல் பார்த்தவர்களுக்குக் காவிதி, வணிகருக்கு எட்டி. புறநானூற்றில் சோழிய ஏனாதி திருக்கிள்ளி இருக்கிறார், மணிமேகலையில் எட்டி குமரன் வருகிறான், மதுரைக்காஞ்சியில் காவிதி மாக்கள் வருகிறார்கள். ஏனாதிநாத நாயனார் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏனாதி பெரியவரா காவிதி பெரியவரா என்று கேட்டால், அந்தக் கேள்வியே பொருந்தாது. ஒருவர் போரில், ஒருவர் கணக்கில், ஒருவர் வணிகத்தில்.

சோழர் காலத்துப் பெயர் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்தவர், நாயன்மார் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தவர். அவர் பெயர் கல்லில் இப்படி இருக்கிறது: பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்.

இதைப் பிரித்தால், ‘பொய்கை நாடு கிழவன்’ என்பது நில உரிமை. கிழவன் என்றால் வயதானவர் இல்லை, கிழமை உள்ளவர், அதாவது உரிமையாளர். சேக்கிழாரில் இருக்கும் கிழாரும் அதே சொல்தான். ‘ஆதித்தன் சூரியன்’, அப்பா பெயரும் சொந்தப் பெயரும். ‘ஆன’ என்றதற்குப் பிறகு வருவதுதான் அரசன் கொடுத்தது. ‘தென்னவன்’ அரசனைக் குறிக்கும் அடை, ‘மூவேந்தவேளான்’ பட்டம். அதே கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி ஸ்ரீகிருஷ்ணன் இராமன், ‘மும்முடிச்சோழ பிரமமாராயன்’. மும்முடிச்சோழன் ராஜராஜனின் பெயர். பிராமண அதிகாரிகளுக்குப் பிரமமாராயன், நிலக்கிழார்களுக்கு மூவேந்தவேளான், இன்னும் பேரரையன், விழுப்பரையன், பல்லவராயன் என்று நீளும். சேக்கிழாருக்கே ‘உத்தமசோழப் பல்லவராயன்’ என்ற பட்டம் உண்டு.

இங்கிலாந்துப் பட்டத்தில் பெரும்பாலும் இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், மூத்த மகனுக்கு அப்படியே போகும். இங்கே பட்டத்தின் முன்னால் பெரும்பாலும் அரசனின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரம்பரையாக ஆண்டவர்கள் தனி: கொடும்பாளூர் வேளிர், பழுவேட்டரையர், மலையமான், சம்புவராயர். அவர்களைச் சிற்றரசர் என்கிறோம். அவர்களுக்குள் முதல் படி, இரண்டாம் படி என்று நிலையான ஏணி கிடையாது. அதனால்தான் ஏர்லுக்கு மூவேந்தவேளான் என்று யாராவது எழுதினால் எனக்கு வலிக்கும். இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

மைக்கூடு எழுதியது:

கடன் சொல்லை எடுப்பதற்கு முன் ஒரு முயற்சியாவது செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் தமிழ் தானாகக் கிடைக்கிறது.

டியூக் லத்தீன் ‘டுக்ஸ்’ வழி வந்தது, படையை நடத்துகிறவன். ஜெர்மன் ‘ஹெர்ட்சோக்’ என்பதற்கும் அதே பொருள். நமக்குத் தண்டநாயகன் இருக்கிறான், தளவாய் இருக்கிறார். மார்க்விஸ் எல்லைப்புற நிலத்தைக் காத்தவன். நம் பக்கம் வழங்கிய ‘சாமந்தன்’ என்ற வடசொல்லும் முதலில் எல்லையை ஒட்டியவன் என்ற பொருளில் இருந்து, பிறகு அடங்கிய அரசன் என்று ஆனதுதான். ஏர்லுக்கு ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் வழங்கும் பெயர் கவுண்ட், லத்தீன் ‘கோமெஸ்’, அரசனுக்குத் துணையாகக் கூடவே இருப்பவன். வைகவுண்ட் அவனுக்கு அடுத்த ஆள். பாரன் என்பதற்கு ஆதியில் ‘ஆள்’ என்பதற்கு மேல் பெரிய பொருள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லார்டு. பழைய ஆங்கிலத்தில் அது ‘ரொட்டியைக் காப்பவன்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல். லேடி ‘ரொட்டி பிசைபவள்’. நாம் ‘படியளக்கிறவர்’ என்கிறோமே, அதேதான்! படியளப்பவருக்கும் உண்டவருக்கும் இடையே இருக்கும் கட்டை நாம் செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். ரொட்டியும் சோறும்தான் வேறு, உறவு ஒன்று. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

கவுண்ட் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு நேர் சொல் கல்லிலேயே இருக்கிறது. அணுக்கன். அரசனுக்கு நெருக்கமானவர். பெண்ணுக்கு அணுக்கி. திருவாரூர்க் கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையார் வருகிறார், அந்தக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர். ‘கோமெஸ்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேட முடியாது. ஆனால் இன்றைய வாசகர் அணுக்கன் என்றால் பட்டம் என்று எடுத்துக்கொள்வாரா? மாட்டார். நண்பர் என்றோ உதவியாளர் என்றோதான் நினைப்பார்.

தாழ்வாரம் எழுதியது:

அணுக்கனை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன் ஐயா, விட மனமே இல்லை. காட்சியில் போட்டுப் பார்த்தேன். ‘தண்டநாயகர் உள்ளே நுழைந்தார்’ என்று எழுதியதும் வாளும் கவசமும் வந்துவிடுகின்றன. என் கதையில் வரும் டியூக் வாழ்நாளில் படை நடத்தியவர் இல்லை, முடக்குவாதம் பிடித்த கிழவர், நாய் வளர்க்கிறார். சொல் பிறந்த இடம் வேறு, அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. மைக்கூடு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பதிவை முன்னுரைக்காக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வடலி எழுதியது:

ஈழத்திலிருந்து ஒரு செய்தி. எங்கள் பக்கம் பட்டங்கள் ஆட்சியோடு சேர்ந்து உருமாறியிருக்கின்றன. முதலியார் என்பதைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூன்று பேரும் நிர்வாகப் பதவியாக வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அதற்குள்ளேயே மேல் கீழ் வந்தது, உச்சியில் மகாமுதலியார். ஊர்மட்டத்தில் மணியகாரர், உடையார், விதானையார். இப்போது அந்த வேலையைக் கிராம சேவையாளர் பார்க்கிறார், ஆனாலும் வயதானவர்கள் அவரை ‘விதானையார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதவி போன பிறகும் கூப்பிடும் சொல் நிற்கிறது. வாத்தியார் ஐயா சொன்ன அழைக்கும் சொல், படியின் பெயர் வேறுபாடு எனக்கு அதனால்தான் உடனே பிடித்தது.

பினாங்கு வாசகி எழுதியது:

நான் மலேசியா. இங்கே தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே டத்தோ, டத்தோஸ்ரீ, டான் ஸ்ரீ, துன் எல்லாம் இருக்கும். ஒருவரும் இவற்றை மொழிபெயர்ப்பதில்லை. மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது, பட்டம் வாங்கியவருக்கும் பிடிக்காது. டான் ஸ்ரீயை விடத் துன் பெரியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவை பரம்பரைப் பட்டம் இல்லை, வாங்கியவரோடு சரி. அக்கா, நீங்கள் டியூக், ஏர்ல் என்று அப்படியே எழுதுங்கள். நாலு பக்கம் போனால் வாசகர் தானாகப் பழகிவிடுவார். எங்களுக்குப் பழகவில்லையா?

மைக்கூடு எழுதியது:

கோபமெல்லாம் இல்லை தங்கச்சி. ஆனால் டியூக்குக்காவது ‘கோமகன்’ இருக்கட்டும். பத்திரிகைகளில் எடின்பரோ கோமகன் என்று எழுதி எழுதி அது வேர்விட்டுவிட்டது.

தாழ்வாரம் எழுதியது:

அதில் எனக்கு ஒரு தயக்கம். கோ என்றால் அரசன். கோமகன் என்றால் அரசனின் மகன், அதாவது இளவரசன் என்றுதானே காதில் விழுகிறது? எல்லா டியூக்கும் அரசர் பிள்ளை இல்லையே.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

அங்கே மகன் என்பது பிள்ளை இல்லை, ஆள். பழைய தமிழில் மகன் என்ற சொல்லுக்கு ஆண், மனிதன் என்ற பொருள் உண்டு. பெருமகன் என்பதுதான் பெருமான் ஆயிற்று. கோமகன் கோமான் ஆயிற்று. சேரமான், மலையமான் இவற்றில் இருக்கும் ‘மான்’ அதே மகன்தான். பெண்பாலில் மகள் ‘மாள்’ ஆகும்: சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனின் தேவி இளங்கோ வேண்மாள், அதாவது வேளிர் குலத்துப் பெண். ஆகக் கோமகன் என்பதைத் தலைமை உடைய ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் முதல் டியூக் 1337இல் கார்ன்வால் டியூக் ஆக்கப்பட்ட எட்வர்டு, அவர் அரசரின் மகனேதான். எப்படிப் பார்த்தாலும் சொல் தோற்காது. துணிந்து எழுதுங்கள். துணைவிக்குக் கோமகள்.

பழைய வாத்தியார் எழுதியது:

இளவரசர் என்று சொன்னதால் ஞாபகம் வந்தது. இதைவிடப் பெரிய குழப்பம் ‘பிரின்ஸ்’. மொனாக்கோவை ஆள்பவரை இளவரசர் என்று எழுதுகிறார்கள். அப்படியானால் அரசர் யார், அவர் அப்பாவா என்று மாணவன் கேட்பான், கேட்டும் இருக்கிறான். அங்கே அரசரே கிடையாது, ஆள்பவரே அவர்தான். லத்தீனில் ‘பிரின்கெப்ஸ்’ என்றால் முதல்வன், வாரிசு என்ற பொருளே இல்லை. ஜெர்மன்காரர்கள் ஆள்கிறவரை ‘ஃபூர்ஸ்ட்’ என்றும் அரச குடும்பத்துப் பிள்ளையைப் ‘பிரின்ட்ஸ்’ என்றும் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, ஆங்கிலம் வழியாக வாங்கிய நமக்கும் இல்லாமல் போயிற்று. ரஷ்யக் கதைகளில் வரும் ‘கினியாஸ்’ எல்லாம் இப்படித்தான் இளவரசர் ஆனார்கள். அதில் பலர் அரச குடும்பமே இல்லை, பழைய பிரபு வம்சம். மொனாக்கோவுக்கும் லிக்டன்ஸ்டைனுக்கும் நான் ‘சிற்றரசர்’ என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். சோழப் பேரரசின் கீழ் இருந்தவர்களுக்கு வழங்கிய சொல் ஆயிற்றே என்று கல்வெட்டுக்காரர் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

வரவில்லை ஐயா. சிறிய நாட்டின் அரசர் என்று நேராகப் பொருள் எடுத்தால் சரியாகவே இருக்கிறது.

பினாங்கு வாசகி எழுதியது:

‘சர்’ எங்கே வரும்? அதுவும் பிரபுவா?

பழைய வாத்தியார் எழுதியது:

இல்லை அம்மா. நைட் பட்டம் பெற்றவருக்கு ‘சர்’. அவர் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது, பிள்ளைக்கும் பட்டம் போகாது. சி.வி. ராமன் 1929இல் சர் ஆனார். பிள்ளைக்குப் போகிற ‘சர்’ ஒன்று உண்டு, பாரனெட். 1611இல் முதலாம் ஜேம்ஸ் உண்டாக்கியது. சென்னையில் குதிரைமேல் சிலையாக நிற்கும் மன்றோ பாரனெட்தான். அதுவும் பிரபு வரிசையில் சேராது. இந்தியரில் பாரன் ஆனவர் எஸ்.பி. சின்கா, 1919இல். எழுதும்போது ‘சர்’ஐச் சொந்தப் பெயரோடு சேர்க்க வேண்டும், குடும்பப் பெயருக்கு முன் மட்டும் ஒட்டக் கூடாது.

தாழ்வாரம் எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் தேடினேன். மூலத்தை மறுபடி எடுத்து, பணியாள் வாயில் வருவதையும் கதைசொல்லி சொல்வதையும் இரண்டு நிறத்தில் கோடிட்டேன். பணியாள் டியூக்கை மட்டும்தான் டியூக் என்கிறான். மற்ற எல்லோருக்கும் அவன் சொல்வது லார்டு, லேடி. ஏர்ல், பாரன் என்பதெல்லாம் கதைசொல்லியின் குரல். நான்தான் இரண்டு குரலையும் ஒரே சொல்லில் போட்டு அமுக்கியிருக்கிறேன். மூன்று வாரம் சொல்லைத் தேடினேன், தப்பு சொல்லில் இல்லை.

இப்போது எழுதியிருப்பது:

“கோமகனும் கோமகளும் வருகிறார்கள்!” என்று பணியாள் குரல் கொடுத்ததும் கூடம் எழுந்து நின்றது. மார்க்விஸ் தனியாக வந்தார். அடுத்து ஏர்லின் கையைப் பற்றிக்கொண்டு தங்கை வந்தாள். “பிரபுவும் சீமாட்டியும்!” அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். தங்கையின் பாவாடைக் கரை அவள் காலணியை உரசிக்கொண்டு போனது. பிறகு அவள் முறை வந்தது. “பிரபுவும் சீமாட்டியும்!” அதே சொற்கள், அதே குரல். ஆனால் ஒரு பாரனின் மனைவிக்காகக் கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

அருமை அம்மா. பிரபுவை வெளியே தள்ளாமல் அதற்குரிய வாயில் வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு திருத்தம். பணியாள் பட்டத்தோடு பெயரையும் சேர்த்துத்தான் சொல்வான், வெறுமே பிரபு என்று சொல்லமாட்டான். மூலத்தில் பெயர் இருக்குமே?

தாழ்வாரம் எழுதியது:

இருக்கிறது ஐயா, இங்கே போடும்போது எடுத்துவிட்டேன். பிரதியில் சேர்த்தாயிற்று. ஏர்லின் மனைவிக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல்லே இல்லாமல் ‘கவுண்டஸ்’ என்று அடுத்த மொழியின் பெண்பாலைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன். நான் ‘ஏர்லின் மனைவி’ என்றே விட்டுவிடுகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வைகவுண்ட்டின் விதவை வருகிறார். அடுத்த வாரம் அவரோடு வருகிறேன்.